பாஸ்மாரும் பிராண்டும்: கண்டிக் கார்ப்பிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கண்டிக் கார்ப்பிரியர்களுக்கு,

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரை, குண்டசாலையிலிருந்து கடுகண்ணாவை வரை, வீட்டு முன்மண்டபத்தில் ஒரு மொரிஸ் மைனரையோ பீட்டிலையோ மினியையோ துணி போர்த்திக் காத்துவரும் பெரியவர்களுக்கு இந்த மடல். கைத்தொலைபேசியில் மஸ்டாங் படத்தை வைத்துக்கொண்டு லீசிங் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடும் தம்பி தங்கைமாருக்கும் இதே மடல்தான். உங்களைப் பிரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஞாயிறு விடியற்காலையில் வாவியைச் சுற்றி வந்து ஒரே கடை வாசலில் நின்று பிளேன்ரீ குடிப்பவர்கள்தானே நீங்கள் எல்லோரும்.

2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. எந்தக் கம்பனி நல்லது, யாருடைய எஞ்சினுக்கு ஆயுள் கெட்டி, எந்தப் பெயரை நம்பிக் காசைக் கொட்டலாம் என்று போகிற இடமெல்லாம் வாக்குவாதம். இப்படிப்பட்ட வாக்குவாதங்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் அதில் ஓர் ஆளின் பெயர் மட்டும் வராமலே போகிறது. அவர் கராஜ் பாஸ். தொழிற்சாலை மூடி அரை நூற்றாண்டு ஆன பிறகும் ஒரு கார் இந்த மலைகளில் ஓடுகிறதென்றால், ஓட வைத்தவர் அவர். அவருக்குப் பின் ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் மனம் வைத்தால் அதைத் தடுக்கலாம் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன்.

மைனரிலிருந்தே தொடங்குகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1971-இல் உற்பத்தி முடிந்தபோது மொத்தம் சுமார் 16 இலட்சம் கார்கள் தயாராகியிருந்தன. 1980களின் நடுப்பகுதிக்குள் மொரிஸ் என்ற பெயரே புதுக் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. பிரித்தானியாவுக்கு அதோடு கதை முடிந்தது. இங்கே முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். 1960களில் அந்நியச் செலாவணி வற்றியது. புதுக் கார் இறக்குவது குறைந்து, 1970க்கும் 1977க்கும் இடையில் சாதாரண மனிதருக்கு எட்டாத காரியமாகவே ஆனது. இருக்கிற காரைச் சாகவிடாமல் வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தோட்டத்து டீமேக்கர் ஐயா, டிஸ்பென்சர் ஐயா, கண்டி நகரத்துப் பாடசாலை அதிபர், பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் எல்லோருடைய மைனரும் ஏதோ ஒரு கராஜில் எஞ்சின் இறக்கி, போர் அடித்து, மறுபடி ஏற்றி, பிள்ளைகளின் கல்யாணம் வரை ஓடியது. 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வெள்ளமாக வந்தன. அப்போதும் மைனர் போகவில்லை. பாகம் இங்கேயே கிடைத்தது, வேலை தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். அவ்வளவுதான் காரணம். வடிவம் அழகு, சத்தம் இனிமை என்றெல்லாம் நாம் பிறகு சேர்த்துக்கொண்டோம்.

இன்னொரு செய்தி, பலருக்கும் தெரியாதது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், ஒரு காரைத் தூக்கியெறியாமல் காலம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே வைத்திருக்கலாம் என்று வாதாடியவர். அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1990களில் அவர் இலங்கையில் பங்காளி சேர்த்து மைனர் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இங்கே தகடு அடித்துச் செய்த பாகங்கள் கப்பலேறி இங்கிலாந்து மைனர்களுக்குப் போயின. பிறந்த நாட்டில் செய்வார் இல்லாத பாகத்தை, ஒருகாலத்தில் அந்தக் காரை வாங்க மட்டுமே தெரிந்த நாடு செய்து அனுப்பியது. நம் கைகள் என்ன செய்யக்கூடியவை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தக் கையை ஒருமுறையாவது கிட்ட நின்று பாருங்கள். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்குவது ட்ரனியன் என்ற மரை போட்ட மூட்டு. கிரீஸ் அடிக்க மறந்தால் அந்த மரை தேய்ந்துகொண்டே வரும். தேய்வது வெளியே தெரியாது. ஒருநாள் வளைவில் திரும்பும்போது மூட்டு கழன்று சக்கரம் அப்படியே உள்ளே மடங்கிவிடும். கெலிஓயாப் பக்கம் ஒரு பாஸ், காரை ஜக்கில் தூக்கி, இரண்டு கையாலும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: இன்னும் ஆறு மாசம் போகும், அல்லது இன்றைக்கே கழற்று. அளவுகோல் எதுவும் வைக்கமாட்டார். புதுப் பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இல்லை என்றால் தேய்ந்ததை வாங்கி, லேத்காரரிடம் பித்தளைக் கட்டையோடு போவார். அங்கே பழையதின் மரையில் விரல் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, புதியதைக் கொஞ்சம் இறுக்கமாகவே வெட்டச் சொல்வார். அது காரில் ஏறி ஓடித்தான் தனக்குரிய தளர்ச்சிக்கு வரவேண்டும் என்பது அவர் கணக்கு. எத்தனை இறுக்கம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் விரலில்தான் இருக்கிறது.

அந்தப் பாஸ் சிங்களவர். லேத்காரர் தமிழர். பாகம் தேடித் தருபவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் நானா. மூன்று பேரும் ஒருவர் மொழியை ஒருவர் அரைகுறையாகப் பேசி, கராஜுக்கென்றே ஒரு மொழியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கண்டியின் பல கராஜ்களில் இதே கூட்டுத்தான். எத்தனை கெட்ட காலம் வந்தபோதும் அந்தக் கூட்டு பெரும்பாலும் பிரியவில்லை என்பதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

இப்போது அந்தப் பாஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. முதுகு வளையவில்லை. வாசலில் கார்கள் வரிசையாக நிற்கின்றன, வேலைக்குக் குறைவில்லை, கூலியும் கிடைக்கிறது. கூட நின்று தொழில் பழகும் கோலயா மட்டும் இல்லை. கற்றுக்கொள்ள வந்த பையன்கள் சில மாதத்தில் முச்சக்கர வண்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அல்லது கட்டாருக்கோ கொரியாவுக்கோ போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கராஜில் கோலயாவுக்குக் கிடைப்பது கைச்செலவுக் காசு. கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. பெண் கேட்டுப் போனால் என்ன தொழில் என்பதற்குச் சொல்ல ஒரு பெயரும் கிடையாது.

இந்த இடத்தில் நம் நாட்டுக் கார் உற்பத்தியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சொந்தமாகக் கார் செய்யவேண்டும் என்ற கனவு இலங்கைக்குப் புதிதல்ல. குண்டசாலையில் கண்டோஸ் சொக்லட் செய்யும் தொழிற்சாலையைக் கடந்து போகாத கண்டிக்காரர் இல்லை. அந்தக் கண்டோஸைப் பெரும் பெயராக்கிய உபாலி விஜேவர்தன, 1970களில் பியட், மஸ்டா கார்களையும் இங்கே பொருத்தி விற்றார். 1983 பெப்ரவரி 13 அன்று கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய விமானம் கடலின் மேல் காணாமல் போனது. கண்டோஸ் இன்றும் இருக்கிறது. உபாலியின் கார்களைக் காண இப்போது தேடிப் போகவேண்டும். அவற்றுக்கென்று ஒரு பாஸ் பரம்பரை உருவாவதற்கு முன்னமே ஜப்பான் மறுசீரமைப்புக் கார்கள் சந்தையை எடுத்துக்கொண்டன.

அடுத்து வந்தவர் லோரன்ஸ் பெரேரா. 1995-இல் தொடங்கிய அவருடைய மைக்ரோ கம்பனி, பிரிவிலெஜ் என்ற சின்னக் காரை வெளியிட்டது. கொரியாவின் சங்யோங் ஜீப்புகளும் சீனத்துப் பாண்டா காரும் மைக்ரோ என்ற பெயர் தாங்கி ஓடின. அதன் தொழிற்சாலை பொல்கஹவெலையில். கண்டி ரயிலில் போகும்போது ரம்புக்கனைக்கு முன் வரும் அதே பொல்கஹவெலைதான். பாண்டா இன்றும் நம் சந்துகளில் ஓடுகிறது. சங்யோங் கம்பனி கொரியாவில் கைமாறி, 2023-இல் கேஜி மொபிலிட்டி என்று பெயரும் மாறிவிட்டது. ஜீப்பை வாங்கியவர்களுக்குப் பழைய பெயரின் மீதுள்ள பற்றை வைத்து டீசல் பம்பு ஒன்றும் வாங்க முடியாது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டும். வெலிப்பன்னையில் 2019-இல் மகிந்திரா கார் பொருத்தத் தொடங்கியதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். எங்கே எதைப் பொருத்தினாலும், பொருத்தியவர்கள் போன பிறகு பிரித்துப் பார்க்கிறவர் யார் என்பதுதான் என் கேள்வி.

இதே கேள்வி ஆஸ்திரேலியாவிலும் உண்டு. மெல்பேர்னில் டண்டினோங்கில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன், ஹோல்டன் என்ற அந்த நாட்டுக் காரின் பக்தர். கண்டியில் மைனர் பற்று எப்படியோ, அங்கே ஹோல்டன் பற்று அதைவிடப் பத்து மடங்கு. பாதர்ஸ்ட் பந்தய நாளில் ஹோல்டன் வீடு, போர்ட் வீடு என்று தெருவே இரண்டாகும். போர்ட் கம்பனி 2016 ஒக்டோபர் 7-இல் ஆஸ்திரேலிய உற்பத்தியை நிறுத்தியது. டொயோட்டா 2017 ஒக்டோபர் 3-இல் நிறுத்தியது. அதே மாதம் 20-ஆம் திகதி எலிசபெத் நகரத்தில் கடைசி ஹோல்டன் கொமடோர் இறங்கியது. அத்தோடு அந்த நாட்டில் பெருந்திரளாகக் கார் செய்வது முடிந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அடுத்த வருஷம் ஜேர்மனியில் செய்த ஓபல் இன்சிக்னியா காருக்குக் கொமடோர் என்று பெயர் ஒட்டி விற்றார்கள். சின்னம் அதே சின்னம், பெயர் அதே பெயர். சனம் வாங்கவில்லை. மஸில் கார் ஆசையை அணைக்க அமெரிக்கக் கமாரோக்களை இறக்கி, மெல்பேர்ன் கிளேட்டனில் வைத்து இடப்பக்க ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி விற்றார்கள். வேலை மிக நேர்த்தியானது. விலையோ ஏற, சில வருஷத்தில் அதுவும் நின்றது. 2020 பெப்ரவரி 17-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டன் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. போர்ட் வீட்டாருக்கு மஸ்டாங் மிஞ்சியது. ஹோல்டன் வீட்டாருக்குப் பழைய கொமடோரும் அதைப் பழுதுபார்க்கும் கராஜும் மிஞ்சின. அண்ணன் தன் வி8 கொமடோரை விற்கவில்லை. டண்டினோங்கில் முன்பு ஹோல்டன் தொழிற்சாலை இருந்தது, அதன் கைகள் இன்னும் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அதனால்தான் விற்காமல் வைத்திருக்க முடிகிறது என்று அவர் தொலைபேசியில் சொன்னார்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதை. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் போர்ட் கம்பனி 1999 முதல் ஐகான் கார் செய்தது. பின்னர் பிகோவும் ஈகோஸ்போர்ட்டும் வந்தன. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, 2022 நடுவில் மறைமலைநகரும் நின்றது. அறிவிப்பிலேயே ஒரு ஆறுதல் வார்த்தை இருந்தது: மஸ்டாங் போன்ற கார்களை இறக்குமதி செய்து விற்போம் என்றார்கள். ஈகோஸ்போர்ட் வைத்திருந்த சென்னைக் குடும்பத்துக்கு அந்த மஸ்டாங் என்ன பயன்? அவர்களுக்கு வேண்டியது கிளச் தட்டும், அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும். தொழிற்சாலை மூடியபோது அங்கே படித்த நூற்றுக்கணக்கான பொடியன்மார் வேலை தேடி அலைந்ததை நாம் செய்தியில் பார்த்தோம். இப்போது அதே இடத்தில் ஏற்றுமதிக்கு எஞ்சின் செய்யும் திட்டத்தோடு போர்ட் திரும்புவதாக அறிவித்திருக்கிறது. நடந்தால் மிக நல்லது.

பெயர் மட்டும் தனியாக விற்பனைக்குப் போவதும் நடக்கிறது. மொரிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் வழிவந்த அம்பாசடர், கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயரைப் பேஜோ குழுமம் 80 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. எம்ஜி என்பதும் மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம்தான், நம் மைனரைச் செய்த வில்லியம் மொரிஸின் ஒக்ஸ்போர்ட் கராஜ். 2005-இல் இங்கிலாந்தில் கம்பனி நொடித்தது, பெயர் சீனத்துக்குப் போனது. கண்டியில் ஒரே வீட்டு வளவில் தாத்தாவின் மொரிஸ் மைனரும் பேரனின் எம்ஜி இசட்எஸ்ஸும் பக்கம் பக்கமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை ஒக்ஸ்போர்டில் செய்தார்கள், மற்றதைச் சீனத்தில். இரண்டுக்கும் நடுவில் பொதுவாக இருப்பது மொரிஸ் என்ற பெயர்ப் பூர்வீகமும் ஒரே கராஜ் வாசலும். பெயரில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் பற்று வைக்கத் தகுதியானது அந்தக் கராஜ் வாசல்தான்.

தம்பிமாரே தங்கைமாரே, இனி உங்களோடு கொஞ்சம். உங்கள் மஸில் கார் ஆசையைக் கெடுக்க நான் வரவில்லை. மஸ்டாங் பிறந்தது 1964-இல். ஆனால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது 2015-இல்தான். அதற்குப் பிறகுதான் நம் போன்ற நாடுகளுக்கு அது கைக்கெட்டும் கனவாகியது. நம் நாட்டில் உற்பத்தி வரியை எஞ்சினின் சிசி கணக்கில்தான் போடுகிறார்கள். 5 லீற்றர் வி8 ஒன்றுக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது நீங்களே போட்டுப் பார்த்தது. மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பழைய காரை இறக்கவும் முடியாது. ஆக, 1969-ஆம் வருஷத்து மஸ்டாங் ஒன்று துறைமுகத்திலிருந்து கண்டிக்கு ஏறி வரப்போவதில்லை. வரப்போவது புதுசு. அதில் ஏராளமான உணரிகள் இருக்கும், கம்பனி மென்பொருள் இல்லாமல் பல பழுதுகளைத் தொடவே முடியாது.

அதை இங்கே யார் பார்ப்பார்? வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், அந்தக் காரின் விலையில் ஒரு சின்னப் பங்கை, ஸ்கானர் பிடிக்கக் கற்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போடுங்கள். அது காருக்கான இன்சூரன்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. 1098 சிசி, 48 குதிரைவலு மைனர் கடுகண்ணாவை ஏற்றத்தை இரண்டாம் கியரில் இரைந்துகொண்டு ஏறும். வி8 மஸ்டாங்கில் 400க்கு மேல். ஆனால் அந்த வளைவுகளின் அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். கண்டிக்கு அதிவேக நெடுஞ்சாலை இன்னும் வந்து சேரவில்லை. ஊருக்குள் 50, வெளியே 70 என்பதே சட்டம். இரவில் ஹந்தானைப் பாதையிலும் திகன நேர்பாதையிலும் கேட்கும் சத்தம் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதையோரத்தில் நடந்து டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் அதற்கு நம் மலையிலேயே ஓர் இடம் 1934 முதல் இருக்கிறது, நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி. தேயிலைக்கு நடுவே ஒவ்வொரு காராகத் தனித்து ஏறி நேரம் பார்க்கிறார்கள். அங்கே பெயர் எடுங்கள். உங்களுக்குப் பின்னால் உங்கள் கராஜின் பெயரும் வெளியே வரும்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத்தகட்டை மெழுகு போட்டுப் பளபளப்பாக்கி, அதன் பெருமையைப் பேசுகிறோம். அந்தத் தகடு மாறாமல் இருந்தால் காரின் விலையும் ஏறுகிறது. அந்த எழுத்தை எதிர்த்தும் ஆதரித்தும் 1958-இல் தார்வாளி தூக்கியவர்கள் இருந்தார்கள், அந்தக் கொந்தளிப்பில் பொகவந்தலாவையில் இரண்டு தோட்டத் தொழிலாளர் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். தகட்டைக் கழற்றச் சொல்லவில்லை. அதைப் பார்த்து வியக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு எஞ்சின் கதை சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். நம் மலையகத்துப் பழைய கார் ஒவ்வொன்றும் அந்தக் காலத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது.

2022-ஐயும் மறந்துவிட வேண்டாம். க்யூஆர் அட்டையைக் காட்டிக் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களில், புதுக் கார் இறங்காத நாட்டில், கராஜ்கள்தான் நம்மை ஓட வைத்தன. இறக்குமதி பூட்டியிருந்த அந்த ஐந்து வருஷமும் பழைய கார் பாஸ்மாருக்கு ஓய்வே இருக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பாகத்தை லேத்தில் வெட்டினார்கள், உடைந்த பம்பர் கிளிப்பை ஒட்டினார்கள், ஹைபிரிட் பற்றரியைப் பிரித்துச் செல் மாற்றவும் கற்றுக்கொண்டார்கள். இறக்குமதி திறந்தவுடன் அவர்கள் வாசலை விட்டுவிட்டுக் கொழும்பு ஷோரூம் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பது எனக்கு நெஞ்சை உறுத்துகிறது.

சரி, என்ன செய்யலாம்? நான் நினைத்திருப்பதைச் சொல்கிறேன், நீங்கள் திருத்துங்கள்.

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது. வகுப்பில் உட்காராமல் கைவேலையிலேயே தேர்ந்தவர்களைச் சோதித்துத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி அங்கே உண்டு. நம் பாஸ்மாரில் பலருக்கு அந்தப் படிவத்தை நிரப்பவே கூச்சம், சிலருக்கு எழுத்து வராது. உங்களில் ஆசிரியர் இருக்கிறார்கள், கிளாக்கர் இருக்கிறார்கள், சட்டத்தரணி இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் ஒதுக்கி உங்கள் பாஸோடு உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பாஸின் கையில் ஒரு சான்றிதழ் வந்தால், அவரிடம் பழகும் கோலயாவுக்கும் ஒரு சான்றிதழை நோக்கிய பாதை திறக்கும். வீட்டாரிடம் சொல்லத் தொழிலுக்கு ஒரு பெயரும் கிடைக்கும்.

கோலயாவுக்கு மாதச் சம்பளம் ஒன்று வேண்டும். அதைத் தனியாகப் பாஸின் தலையில் போடக்கூடாது, அவர் வாங்கும் கூலியில் அது தாங்காது. ஒரு கராஜில் கார் விடுபவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு மரியாதையான தொகையும் பகல் சாப்பாடும் பஸ் காசும் கொடுக்கலாம். மைனருக்கு ஒரு செட் குரோம் பம்பர் வாங்கும் காசில் இது எத்தனை மாதம் ஓடும் என்று கணக்குப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளை எடுங்கள், சாதாரண தரத்தோடு நின்றுபோன எத்தனையோ கெட்டிக்காரப் பொடியன்மார் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளையும் எடுங்கள். கார்புரேட்டர் பிரித்துக் கழுவிப் பூட்ட நான் சின்ன வயதில் கற்றேன். கை எண்ணெயாகுமே தவிர வேறொன்றும் கெடவில்லை.

பாஸ்மாரின் விரலில் இருக்கும் அளவுகளை எழுத்தில் எடுங்கள். ட்ரனியன் மரைக்கு எவ்வளவு இறுக்கம், பிரேக் சிலிண்டருக்கு எந்தக் காரின் ரப்பர் பொருந்தும், எந்த ஜப்பான் டைனமோவை எந்த இடத்தில் துளையிட்டுப் பூட்டலாம், மைனர் டிரவலரின் மரச்சட்டத்துக்கு எந்த மரத்தை எப்படி அறுத்தால் மழையில் வெடிக்காது: இவையெல்லாம் இப்போது வாய்வழியாகத்தான் இருக்கின்றன. காலிபர் வைத்து அளந்து, படம் வரைந்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கண்டித் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு அது நல்ல செயற்திட்டமாகவும் இருக்கும். கம்பனி மூடியது, வரைபடம் தொலைந்தது என்று நாளைக்கு யாரும் அழவேண்டியதில்லை.

பிராண்ட் பற்றிய வாக்குவாதமும் நடக்கட்டும். மைனரா பீட்டிலா, மஸ்டாங்கா கமாரோவா என்று சண்டை பிடியுங்கள், நானும் மைனர் கட்சியில் நின்று பிடிப்பேன். ஆனால் அடுத்த முறை நீங்கள் கூடும்போது, கார்களை வரிசைப்படுத்துவதற்கு முன், ஒவ்வொருவரும் உங்கள் பாஸின் பெயரையும் வயதையும் அவரிடம் கோலயா இருக்கிறாரா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். கோலயா இல்லாத கராஜ்களை மேலே போடுங்கள். அவற்றில் வயது கூடிய பாஸின் கராஜுக்கு முதல் பிள்ளையை யார் தேடித் தருவது, முதல் மாதச் சம்பளத்தை யார் போடுவது என்பதை அங்கேயே தீர்மானித்துவிட்டுக் கலையுங்கள். முதல் மாதத்துக்கு என் பங்கை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
முல்கம்பளையிலிருந்து,
ஒரு லேத்காரரின் மகள்